ஒரு பல் கூடினால்

மிக்ஸி ஏன் கருகுகிறது?

மிக்ஸி ஜாரில் பெரிய தேங்காய்ச் சில்லு பிளேடுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிளேடு நின்றுவிடும். மோட்டார் உறுமும். சில நொடிகளில் கருகல் வாடை வரும். உடனே நிறுத்தாவிட்டால் அடிப்பாகத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தான் தட்டி, மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதே மிக்ஸி சட்னி அரைக்கும்போது இவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. ஓடி ஓடி வேலை செய்யும்போது தாங்குகிற மோட்டார், அசையாமல் நிற்கும்போது எரிந்துபோகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கான விடையை நுணுக்கமாகப் புரிந்துகொண்டு, அதை வைத்தே பந்தயம் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். ரிமோட் கார் பந்தயக்காரர்கள்தான் அவர்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடை. நெற்றிப்பொட்டு அளவு இடைவெளியில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வண்டிகள். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரின் ரிமோட் வடிவத்தை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த விளையாட்டு வீடு வீடாகப் பரவியது. இன்று இதற்கு உலகக் கூட்டமைப்பு உண்டு, உலகப் பட்டம் உண்டு. ஜப்பானின் மசாமி ஹிரோசாக்கா அந்தப் பட்டத்தை 14 முறை வென்றவர்.

இந்தப் பந்தயங்களில் ‘ஸ்டாக்’ என்றொரு பிரிவு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வகை மோட்டார். பேட்டரியும் ஒன்றுதான்: இரண்டு லித்தியம்-பாலிமர் செல்கள், முழுதாக ஏற்றினால் 8.4 வோல்ட், அதற்கு மேல் கூடாது. மோட்டாருக்குள் கூடுதலாக ஒரு சுற்றுக் கம்பிகூடச் சுற்ற முடியாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஒரு கார் நேர்ப்பாதையில் மற்றொன்றை விட்டு விலகிப் போகிறது. ஐந்து நிமிடப் பந்தயம் முடிந்ததும் பின்தங்கிய காரின் மோட்டாரில் பல நேரம் கைவைக்க முடிவதில்லை. இந்தப் புதிருக்கும் மிக்ஸிப் புதிருக்கும் விடை ஒன்றுதான்.

ஓடும் மோட்டார் மின்சாரம் தயாரிக்கிறது

மோட்டாரின் உள்ளே இருப்பவை இரண்டே: காந்தம், செம்புக் கம்பிச் சுருள். சுருளை நாம் வழக்கமாகக் காயில் என்கிறோம். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அதுவும் காந்தமாகி, பக்கத்துக் காந்தத்தை இழுக்கும், தள்ளும், அச்சு சுழலும். இது பள்ளிக்கூடத்துப் பாடம்.

அந்தப் பாடத்தின் அடுத்த பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காந்தத்துக்குப் பக்கத்தில் காயில் நகர்ந்தால் அந்தக் காயிலில் மின்சாரம் பிறக்கும். டைனமோ இப்படித்தான் வேலை செய்கிறது. சுழலும் மோட்டாரிலும் காந்தமும் காயிலும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்துகொண்டுதானே இருக்கின்றன? ஆகவே ஓடுகிற ஒவ்வொரு மோட்டாரும் அதே நொடியில் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. அது உண்டாக்கும் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கும். இதை ‘எதிர் அழுத்தம்’ என்று வைத்துக்கொள்வோம்.

இதைக் கையாலேயே உணரலாம். பழைய பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரின் அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். பிறகு அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். நல்ல மோட்டாராக இருந்தால் இப்போது அச்சு இறுக்கமாகத் தெரியும். உங்கள் விரல் உண்டாக்கிய மின்சாரம் அந்தக் காயிலுக்குள்ளேயே ஓடி, உங்கள் விரலை எதிர்க்கிறது.

மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற எதிர் அழுத்தம் ஏறும். பேட்டரி 7.5 வோல்ட் கொடுக்க, எதிர் அழுத்தம் 7 வோல்ட்டை எட்டினால், காயிலுக்குள் மின்னோட்டத்தைத் தள்ள மிஞ்சுவது அரை வோல்ட்தான். மின்னோட்டம் குறைவு, சூடும் குறைவு. அச்சைப் பிடித்து நிறுத்திவிட்டால் எதிர் அழுத்தம் பூஜ்யம். முழு 7.5 வோல்ட்டும் ஒரு சின்னச் செம்புக் கம்பியின் மேல் இறங்குகிறது. வெள்ளமாகப் பாயும் மின்னோட்டம் அசைவாக மாற வழியில்லாமல் அப்படியே வெப்பமாகிறது. மிக்ஸியின் கருகல் வாடைக்குக் காரணம் இதுதான்.

பதினேழரைச் சுற்று

ஸ்டாக் பிரிவு மோட்டார்களின் மேல் 17.5, 13.5, 21.5 என்று ஏதாவதொரு எண் இருக்கும். கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்பதன் கணக்கு அது. அரைச் சுற்று எப்படி வந்தது என்று கேட்கலாம். கம்பி மோட்டாரின் ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் முடிவதால், கடைசிச் சுற்று பாதிவழியோடு நின்றுவிடுகிறது.

சுற்று கூடினால் ஒவ்வொரு சுழற்சிக்கும் எதிர் அழுத்தம் கூடும். மோட்டார் சீக்கிரமே பேட்டரிக்கு ஈடுகொடுத்து, குறைந்த வேகத்திலேயே நிதானப்பட்டுவிடும். சுற்றைப் பாதியாக்கினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். அதே இடத்துக்குள் இப்போது இரு மடங்கு பருமனான கம்பியையும் திணிக்க முடியும். நீளமும் பாதி, பருமனும் இரு மடங்கு என்றால் மின்தடை நாலில் ஒரு பங்காகக் குறையும். பேட்டரியிலிருந்து உறிஞ்சும் சக்தி அதே அளவுக்கு எகிறும். ‘மாடிஃபைட்’ என்ற திறந்த பிரிவில் 4.5 சுற்று மோட்டார்கள்கூட ஓடுகின்றன. அவற்றை அடக்கி ஓட்டத் தேர்ந்த கை வேண்டும். ஆகவேதான் விதிப்புத்தகம் முதலில் சுற்று எண்ணிக்கையில் பூட்டுப் போடுகிறது. அந்தப் பூட்டுக்கு உள்ளே எவ்வளவு நுணுக்கம் மிச்சமிருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த விளையாட்டில் பெரிய ஈர்ப்பு.

ஒரு மோட்டாரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

17.5 சுற்று மோட்டார் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2,400 சுழற்சி தருகிறது. ஓடும்போது பேட்டரி 7.5 வோல்ட் தருவதாகக் கொள்வோம். சுமையே இல்லாமல் விட்டால் நிமிடத்துக்கு 18,000 சுழற்சி. அச்சைப் பிடித்து நிறுத்தினால் 120 ஆம்பியர் பாய்கிறது. எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். உராய்வு போன்ற சில்லறை இழப்புகளை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

நிற்கும் நிலையில் 7.5 வோல்ட், 120 ஆம்பியர். பெருக்கினால் 900 வாட். அசைவு துளியும் இல்லை. 900 வாட்டும் வெப்பம்.

இப்போது பாதி வேகம், அதாவது 9,000 சுழற்சி. எதிர் அழுத்தம் பேட்டரியின் பாதி ஆகிவிட்டது. மின்னோட்டமும் பாதியாகி 60 ஆம்பியர். பேட்டரி கொடுப்பது 450 வாட். அதில் பாதி, 225 வாட், சக்கரத்துக்குப் போகிறது. மீதி 225 வாட் காயிலையும் ஒயரையும் பேட்டரியையும் சுட வைக்கிறது. இந்த மோட்டார் வெளியே தரக்கூடிய அதிகபட்ச சக்தி இந்த 225 வாட்தான். இந்த வகைக் காந்த மோட்டார் எதுவானாலும், உச்சபட்ச சக்தி கிடைப்பது ஏறக்குறைய பாதி வேகத்தில். அந்த இடத்தில் கொடுத்த மின்சாரத்தில் சரிபாதி வீணாகிறது.

இன்னும் மேலே, முக்கால் வேகத்துக்கு வாருங்கள்: 13,500 சுழற்சி. மின்னோட்டம் 30 ஆம்பியர். உள்ளே போவது 225 வாட், சக்கரத்துக்கு வருவது 169 வாட், வெப்பம் 56 வாட் மட்டும்.

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி வேகத்திலிருந்து முக்கால் வேகத்துக்கு வந்ததில் சக்கரத்துக்குக் கிடைக்கும் சக்தி நாலில் ஒரு பங்குதான் குறைந்தது. வெப்பமோ 225-இலிருந்து 56-க்கு, நாலில் மூன்று பங்கு, சரிந்துவிட்டது. பந்தய மோட்டாரை டியூன் செய்வது என்பதன் சாரம் இந்தச் சின்னக் கணக்குக்குள் இருக்கிறது. மோட்டாரை எந்த வேகத்தில் வாழவைப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கருவி பல்சக்கரம்.

பினியனும் ஸ்பரும்

மோட்டாரின் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது கடிக்கும் பெரிய சக்கரம் ஸ்பர். இவற்றுக்குப் பிறகு காருக்குள் பெல்ட் வழியாக இன்னொரு குறைப்பு உண்டு. மொத்தத்தில் சக்கரம் ஒரு முறை சுழல மோட்டார் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதுதான் இறுதி விகிதம். இந்தக் கார்களில் ஓட்டும்போது மாற்ற கியர் கிடையாது. பந்தயத்துக்கு முன் எதைப் பொருத்தினீர்களோ அதோடுதான் ஐந்து நிமிடமும்.

நம் காரில் ஸ்பருக்கு 96 பல், பினியனுக்கு 48 பல். உள்குறைப்பு 1.9. கணக்கிட்டால் இறுதி விகிதம் 3.8. டயரின் விட்டம் 63 மில்லிமீட்டர்; அதன் சுற்றளவு ஏறக்குறைய 198. ஆகவே மோட்டாரின் ஒவ்வொரு சுழற்சிக்கும் கார் 52 மில்லிமீட்டர் முன்னேறும்.

பந்தயத் தடத்தில் இரண்டு இடங்களைப் பார்ப்போம். ஒன்று, வளைவிலிருந்து கார் வெளியே வரும் இடம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். இன்னொன்று நேர்ப்பாதையின் கடைசி, 50 கிலோமீட்டர். 48 பல் பினியனோடு வளைவு முடிவில் மோட்டார் 8,000 சுழற்சியில் இருக்கிறது. சக்கரத்துக்கு 222 வாட், வெப்பம் 278 வாட். நேர்ப்பாதையின் கடைசியில் 16,000 சுழற்சி. அப்போதும் 89 வாட் கிடைக்கிறது.

பினியனை 45 பல்லாகக் குறைப்போம். விகிதம் 4.05 ஆகிறது. வளைவு முடிவில் மோட்டார் இப்போது சுமார் 8,500 சுழற்சி. சக்தி 224 வாட், வெப்பம் 251. சக்தியில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நேர்ப்பாதையின் கடைசியில் கதை வேறு. மோட்டார் சுமார் 17,000-ஐத் தொட்டுவிட்டது, எதிர் அழுத்தம் பேட்டரியை ஏறக்குறைய எட்டிவிட்டது, சக்கரத்துக்குக் கிடைப்பது 47 வாட் மட்டுமே. அதே இடத்தில் பெரிய பினியன்காரருக்கு 89 வாட் இருந்தது. அவர் கடந்து போய்விடுவார்.

அப்படியானால் பினியனைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். விகிதம் 3.2 வரும்வரை பெரிதாக்கினால் வளைவு முடிவில் மோட்டார் 6,700 சுழற்சிக்கு இறங்கிவிடும். சக்தி 211 வாட்டாகக் குறைய, வெப்பம் 350 வாட்டைத் தாண்டும். கார் வளைவிலிருந்து சோம்பலாக எழும், மோட்டார் கொதிக்கும். வேகம் வேண்டும் என்று பெரிய பினியன் போட்ட கார், வேகமும் இல்லாமல் சூட்டோடு திரும்புவது இப்படித்தான்.

ஆக, ‘சரியான பினியன்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. நேர்ப்பாதை நீளமாக இருந்தால் ஒரு பல் கூட்டலாம். வளைவுகள் நெருக்கமாக இருந்தால் குறைக்க வேண்டும். தேர்ந்த பந்தயக்காரரின் பெட்டியில் ஒவ்வொரு பல் எண்ணிக்கைக்கும் ஒரு பினியன் வரிசையாக இருக்கும். மாற்றும்போது பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையில் மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்கி, பிறகு காகிதத்தை உருவி எடுப்பார்கள். காகிதத்தின் கனம்தான் பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி. இறுகக் கடித்தால் உராய்வே சக்தியைத் தின்றுவிடும். தளர்ந்தால் பல் உடையும்.

பிரஷ் இருந்த காலம்

2000களின் தொடக்கம்வரை இந்தக் கார்களில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தான். மின்சாரம் பிரஷ் வழியாகச் சுழலும் செம்பு உருளைக்குப் போகும். அந்த உருளைக்குத் திசைமாற்றி என்று பெயர். சுழலும் காயிலுக்கு மின்சாரத்தின் திசையைச் சரியான நேரத்தில் மாற்றிக் கொடுப்பது அது. தீப்பொறியில் அதன் மேற்பரப்பு கருகிப் பள்ளம் விழும். பந்தயக்காரர்கள் கைக்கடக்கமான லேத் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார்கள். ஓட்டங்களுக்கு இடையில் மோட்டாரைப் பிரித்து, திசைமாற்றியை மயிரிழை அளவுக்குச் சீவிப் பளபளப்பாக்கி, புது பிரஷ் போட்டு மாட்டுவார்கள்.

அன்றைக்கு இன்னொரு கவலையும் இருந்தது. 1980களின் நிக்கல்-காட்மியம் பேட்டரி 1,200 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு உடையது. நாலு நிமிடப் பந்தயத்தில் அதைத் தீர்க்காமல் ஓட்டவேண்டும் என்றால் சராசரி மின்னோட்டம் 18 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பினியனில் ஒரு பல் கூடினால் கடைசிச் சுற்றில் கார் நடுவழியில் நின்றுவிடும். இன்றைய லித்தியம் பேட்டரிகளுக்கு ஐந்து நிமிடம் ஒரு பொருட்டில்லை. பேட்டரி விதித்த எல்லை போய், வெப்பம் விதிக்கும் எல்லை மிஞ்சியிருக்கிறது.

முந்திக்கொள்ளும் மின்சாரம்

இன்றைய பந்தய மோட்டாரில் பிரஷ் இல்லை. நடுவில் சுழல்வது நியோடிமியம் காந்தம். காயில்கள் அதைச் சுற்றி அசையாமல் நிற்கின்றன. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. காந்தம் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மோட்டாரின் பின்மூடிக்குள் இருக்கும் மூன்று ஹால் உணரிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

18,000 சுழற்சியில் மோட்டார் நொடிக்கு 300 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு முறை மின்சாரத்தை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது அரை மில்லிநொடியை ஒட்டிய நேரம். காயிலில் மின்னோட்டம் உடனே முழு அளவுக்கு ஏறாது. கொஞ்சம் தயங்கித்தான் ஏறும். வேகம் கூடினால் அந்தத் தயக்கம் காந்தத்தைப் பாதி வழி கடக்க விட்டுவிடும். ஆகவே காந்தம் வந்துசேரும் முன்பே மின்சாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். இப்படி முந்திக்கொடுப்பதற்குத்தான் ‘டைமிங்’ என்று பெயர்.

மோட்டாரின் பின்மூடியைக் கூர்ந்து பார்த்தால் விளிம்பில் டிகிரிக் கோடுகள் தெரியும். திருகுகளைச் சற்றுத் தளர்த்தினால் மூடி இரண்டு பக்கமும் நகரும். அதோடு உணரிகளும் நகரும். ஒரு கோடு தள்ளி வைத்து மறுபடி முடுக்கினால் டைமிங் மாறிவிட்டது. வெளியே பார்த்தால் இதுதான் மொத்த வேலையும். உள்ளே நடப்பது பெரிது. டைமிங் கூடினால் எதிர் அழுத்தம் குறைந்து, ஒரு வோல்ட்டுக்கான சுழற்சி ஏறும். கூடவே ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை இறங்கும். எதையும் இழக்காமல் எதுவும் கிடைப்பதில்லை.

நம் மோட்டாரின் 18,000-ஐ டைமிங்கால் 20,000 ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பினியனை அப்படியே விட்டால் வளைவு முடிவில் வெப்பம் 278-இலிருந்து 324 வாட்டுக்குத் தாவும். 48 பல்லுக்குப் பதில் 43 பல் பினியன் போட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். எளிய கணக்கில் டைமிங்கும் பினியனும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது இங்கே தெரிகிறது. நிஜத்தில் வித்தியாசம் எங்கே வருகிறது? அதிக வேகத்தில் மின்னோட்டத்தின் தயக்கத்தை டைமிங் சரிசெய்கிறது, அது லாபம். அளவு மீறினால் இரும்புக்குள் காந்தப்புலம் புரளும் இழப்பும், வெறுமனே சுற்றும்போதே குடிக்கும் மின்னோட்டமும் ஏறுகின்றன, அது நஷ்டம். இரண்டும் சமமாகும் இடத்தைத் தேடுவதற்காகவே பந்தயக்காரர்கள் மோட்டார் சோதனைக் கருவி வைத்திருக்கிறார்கள். மோட்டாரைச் சுமையில்லாமல் ஓடவிட்டு, மூடியை ஒவ்வொரு கோடாகத் தள்ளி, சுழற்சி எவ்வளவு ஏறுகிறது, ஆம்பியர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு சுழற்சி மெதுவாகவும் ஆம்பியர் வேகமாகவும் ஏறத் தொடங்கும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2010-ஐ ஒட்டி ஒரு குழப்பம் வந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளே, சுழற்சி ஏற ஏற டைமிங்கைக் கூட்டிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டது. கீழே இழுவையும் வேண்டும், மேலே வேகமும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைத்தன. ஸ்டாக் கார்கள் மாடிஃபைட் கார்களைத் துரத்தத் தொடங்கின, மோட்டார்கள் வெந்தன, புதிதாக வந்தவர்கள் திணறினார்கள். தீர்வாக ஒரு விதி வந்தது: மென்பொருள் டைமிங் பூஜ்யமாக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் கருவியின் விளக்கு மினுக்கிக் காட்ட வேண்டும். பரிசோதகர் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். இந்தப் பிரிவை இன்றும் ‘பிளிங்கி’ என்றே அழைக்கிறார்கள். இந்த விளையாட்டில் வந்த நல்ல விதிகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். பணத்தை வைத்து மென்பொருளை வாங்கியவருக்கும், பினியனை யோசித்து மாற்றியவருக்கும் இடையிலிருந்த தூரத்தை அது குறைத்தது.

சூடு எதைத் திருடுகிறது?

வெப்பம் என்றால் மோட்டார் எரிந்துபோகும் அபாயம் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. எரிவதற்கு வெகு முன்பே அது வேகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஏறும். 25 டிகிரியில் தொடங்கிய காயில் 85 டிகிரியை எட்டும்போது அதன் தடை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடியிருக்கும். நடுவில் சுழலும் நியோடிமியம் காந்தமும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.1 விழுக்காடு பலம் இழக்கும். பலவீனமான காந்தம் என்றால் எதிர் அழுத்தம் குறைவு, முறுக்குவிசை குறைவு. அதே இழுவையைத் தர அதிக ஆம்பியர் தேவை. அதிக ஆம்பியர் இன்னும் சூடாக்கும். இன்னும் சூடானால் காந்தம் இன்னும் தளரும். கடைசி ஒரு நிமிடத்தில் சில கார்கள் கண்ணுக்குத் தெரியும்படி சோர்ந்துபோவது இந்தச் சுழலால்தான்.

ஆறியதும் காந்தம் பெரும்பாலும் பழைய பலத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒவ்வொரு தரக் காந்தத்துக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. சாதாரண நியோடிமியம் 80 டிகிரியிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். சிறப்புத் தரங்கள் 150-ஐத் தாண்டியும் தாங்கும். எல்லையைக் கடந்த காந்தம் ஆறிய பிறகும் இழந்ததை முழுதாகத் திரும்பப் பெறாது. அந்த மோட்டார் அதன் பிறகு சுமையில்லாமல் முன்னைவிட வேகமாகச் சுற்றும். அதைப் பார்த்து ‘மோட்டார் நன்றாகத் திறந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. இழுவை போய்விட்டது என்பது வளைவில் தெரியும்.

பந்தயம் முடிந்த மறுகணமே பந்தயக்காரர்கள் அகச்சிவப்பு வெப்பமானியை மோட்டாரின் மேல் காட்டுவதைப் பார்க்கலாம். தாமதித்தால் பயனில்லை. விசிறி நின்றதும் உள்ளே தேங்கிய சூடு வெளி உறைக்கு வந்துசேர்ந்து, நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் எண் ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக வெளி உறையில் 70 முதல் 80 டிகிரிவரை என்றால் நிம்மதி. அதற்கு மேல் போனால் ஒரு பல் குறைப்பார்கள், அல்லது டைமிங்கை ஒரு கோடு பின்னுக்குத் தள்ளுவார்கள். வெப்பநிலை 50 டிகிரியிலேயே நின்றுவிட்டால், பயன்படுத்தாத சக்தி மிச்சமிருக்கிறது என்று பொருள்.

மோட்டாருக்கு வெளியே

இனி நான் மிக முக்கியமென்று கருதுவதைச் சொல்கிறேன். நம் கார் வளைவிலிருந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வந்தது. டயரின் பிடி நன்றாக இருந்து, ஸ்பிரிங்குகள் சரியாக அமைந்து, ஓட்டுபவரும் வளைவை அகலமாக எடுத்து 28 கிலோமீட்டரில் வெளியே வந்தால்? 48 பல் பினியனோடு மோட்டார் அப்போது 8,000-க்குப் பதில் ஏறக்குறைய 9,000 சுழற்சியில் இருக்கும். வெப்பம் 278-இலிருந்து 227 வாட்டுக்கு இறங்கிவிடும். மோட்டாரைத் தொடவே இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வளைவிலும் சூடு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் இன்னொரு பல் கூட்டலாம். அதனால் நேர்ப்பாதையிலும் முந்தலாம். வேகமான ஓட்டுநரின் கையில் அதே மோட்டார் வேறு மோட்டார்போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

சாதாரண பேரிங், தூசி படிந்த பெல்ட், இறுகிய பல் கடி எல்லாம் இந்தக் கணக்கில் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. இவை ஒவ்வொன்றும் மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், வெப்பம் விளையும் பகுதியில் நிறுத்திவிடும்.

பணத்தைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே வகை மோட்டார்களிலும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கும். பத்து மோட்டார் வாங்கி, மிகக் குறைந்த மின்தடை கொண்ட காயிலைத் தேர்ந்து, காந்தமானியால் அளந்து எடுத்த சுழலும் காந்தத்தை அதற்குள் பொருத்துவார்கள். இதில் லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் அது மிகச் சிறியது. தவறான பினியன் அந்த லாபம் முழுவதையும் முதல் வளைவிலேயே விழுங்கிவிடும். அதனால்தான் சில போட்டித் தொடர்களில் மோட்டாரையே அமைப்பாளர்கள்தான் வழங்குகிறார்கள். சில பிரிவுகளில் பல் விகிதத்துக்கும் எல்லை விதிக்கிறார்கள். அங்கே மிஞ்சுவது ஓட்டும் திறனும் காரைப் பராமரிக்கும் ஒழுங்கும்தான்.

இதைப் படித்துவிட்டு ஒரு கார் வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றினால், டாமியாவின் டிடி-02 போன்ற எளிய கிட்டில் தொடங்குங்கள். அதன் ஸ்பருக்கு 70 பல், பினியனுக்கு 22, இறுதி விகிதம் 8.27. உடன் வரும் பிரஷ் மோட்டாரை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தியவுடன் மோட்டாரின் வெப்பத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு ஒரே ஒரு பல் கூட்டுங்கள், விகிதம் 7.9 ஆகும். அதே தடம், அதே ஐந்து நிமிடம், மறுபடி அளவு. 70 டிகிரிக்குள் நின்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். 80-ஐத் தாண்டினால் பழைய பினியனுக்கே திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று எந்த வெப்பமானியும் சொல்லாது.